கியர் பெட்டிக்குள் வாழைக்காய்

அடியிலிருந்த மரை கழன்று கையோடு வந்த பிறகும் எண்ணெய் வரவில்லை. காருக்கு அடியில் அட்டையை விரித்து மல்லாந்து கிடந்த ருபியேலா, துளையைப் பார்த்தபடி காத்திருந்தாள். தெருவைப் பத்து நிமிஷம் சுற்றிவந்து கியர் பெட்டியைச் சூடாக்கியிருந்தாள், பெட்டியின் பக்கவாட்டில் மேலே இருந்த, எண்ணெய் ஊற்றும் துளையையும் முதலிலேயே திறந்து வைத்திருந்தாள். இருபது வருஷம் மலையில் பால்வண்டி ஓட்டியவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில் கறுப்பாக ஒன்று எட்டிப்பார்த்தது. எண்ணெய் மாதிரி ஒழுகாமல், சளி மாதிரி நீண்டு தொங்கி, அறுந்து, தொப்பென்று கீழே வைத்திருந்த பேசினில் விழுந்தது. அதன் பின்னால் மீதியெல்லாம் கொழகொழவென்று வந்தது. கந்தக நாற்றம் அவளுக்குப் பழக்கம். இதில் அதோடு இன்னொன்று சேர்ந்திருந்தது, மூடிவைத்து மறந்துபோன குழம்புச் சட்டியைத் திறந்தது போல.

விரலை விட்டுக் கசக்கிப் பார்த்தாள். நார். இந்தப் பக்கத்து மலைகளில் பிறந்த யாருக்கும் அந்த நாரைக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். வாழைக்காய்.

தேய்ந்துபோன கியர் பெட்டி ஓடும்போது முனகும். அந்த முனகலை அடக்க வாழைக்காயைச் சீவி உள்ளே போட்டால், மாவு எண்ணெயோடு கலந்து கூழாகி, பல்லுக்குப் பல் மெத்தை வைத்தது போல ஆகிவிடும். வண்டி பூனை மாதிரி ஓடும், வாங்குகிறவன் வாங்கிக்கொண்டு போகிறவரைக்குமாவது. பிறகு கூழ் எண்ணெய் போகும் வழியை அடைக்கும், பேரிங் வெந்துபோகும். கலார்கா ஊரில் வண்டி விற்கிற திருட்டுப் பயல்கள் எல்லாம் செய்கிற வேலை. ஆனால் இந்த ரெனோ நாலு காரை அவளுக்கு எட்டு மாதத்துக்கு முன் விற்றது திருட்டுப் பயல் இல்லை. அவள் மகள் மார்லேனியின் ஞானத்தகப்பன் அர்னோபியோ. வேறு எவன் விற்றிருந்தாலும் எண்ணெயைத் தொட்டுப் பார்த்திருப்பாள், மோந்தும் பார்த்திருப்பாள். ஞானஸ்நானத்தன்று கோயிலில் தன் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவனிடம் போய் யார் விரலை விட்டுப் பார்ப்பார்கள்? அது அவனை அறைவதற்குச் சமம். அவள் சாவியை வாங்கிக்கொண்டு அவனுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் வந்து தின்றுவிட்டு, "ஆயிலை மட்டும் மாத்திடாத தங்கச்சி, பழைய பெட்டிக்குப் பழைய ஆயில்தான் சேரும்" என்று பல்லைக் குத்திக்கொண்டே சொல்லிவிட்டுப் போவான்.

அவள் மாற்ற நினைத்ததே நல்லபேரோடு விற்கத்தான். காரை விற்றால்தான் பெரேய்ரா நகரத்தில் மகள் பார்த்து வைத்திருக்கும் சின்ன ரொட்டிக்கடை கைக்கு வரும். திங்கட்கிழமை வரை கெடு, இன்று சனி. போன ஞாயிறு ஓட்டிப்பார்த்த யூரானி டீச்சர், "சத்தமே இல்லயேக்கா" என்று ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னாள். கடற்கரை ஊரிலிருந்து மலைப்பள்ளிக்கு மாற்றலாகி வந்தவள். தினமும் ஏறி இறங்க வேண்டும். மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்குப் புது எண்ணெயோடு கொடுப்போம் என்று நேற்று கில்தார்தோவின் ஆயில் கடைக்குப் போனபோது, அவன் மிகக் கெட்டியான டப்பா ஒன்றைத்தான் எடுத்து வைத்தான்.

"இதைப் போடுங்கக்கா. கனமா இருக்கும். எந்தச் சத்தமும் கேக்காது."

"அது பின் அச்சுக்குப் போடுறது. அதுல இருக்கிற மருந்து உள்ள இருக்கிற வெண்கல வளையத்தைத் தின்னுடும். வண்டிப் புத்தகத்துல எண்பதாம் நம்பர் ஆயில்னு போட்டிருக்கு, நாலாம் ரகம். ரெண்டு லிட்டர் குடு."

"விக்கப்போற வண்டிக்குப் போய் இவ்வளவு பாக்குறீங்களே."

"விக்கப்போறதாலதான் பாக்குறேன்" என்று அவள் பெருமையோடுதான் சொன்னாள். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலே கூசியது.

கையைத் துடைக்காமலே, மணிக்கட்டால் போனை அமுக்கி அர்னோபியோவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பெட்டியைத் தொறந்துட்டேன்."

"தொடாதன்னு சொன்னேனே."

"வாழக்கா போட்டிருக்கீங்க."

"நான் எங்க போட்டேன். எனக்கு வித்தவன் போட்டது அது. நான் நடுவுல கொஞ்சம் சேத்தேன், அவ்வளவுதான்."

"மார்லேனிக்கு மெழுகுவத்தி புடிச்ச கைண்ணே அது."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எட்டு மாசம் சத்தமில்லாம ஓடுச்சா இல்லையா?" எதையோ மென்று விழுங்கினான். பிறகு குரல் இறங்கி, வீட்டு மனுஷன் குரலானது. "சரி விடு. அந்த டீச்சரு எத்தன மணிக்கு வரா? உன் சமையக்கட்டுல வாழத்தார் தொங்குதுல்ல, பச்சையா ரெண்டு எடு. பழுத்தது வேணாம், நொரச்சிரும். மெல்லிசா சீவு."

பக்கத்து வீட்டுக்காரிக்குச் சமையல் பக்குவம் சொல்வது போல அவ்வளவு அன்பாகச் சொன்னான். அந்த அன்புதான் பேசினில் கிடந்ததைவிட அதிகமாக நாறியது. அவள் போனை வைத்துவிட்டுச் சுவரோரம் காறித் துப்பினாள்.

டீசலை ஊற்றிக் கழுவினாள். மூன்று முறை கழுவியும் நார் வந்துகொண்டே இருந்தது. கம்பியை விட்டுத் துழாவினாள். ஒரு துண்டு, தோலோடு, பாதி வெந்த நிலையில் வழுக்கிக்கொண்டு வந்து உள்ளங்கையில் விழுந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு வெளியே உருண்டாள். இவ்வளவு நாள் இதன் மேல்தான் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறாள். இதை மடியில் கட்டிக்கொண்டு அவன் அவள் மேஜையில் உட்கார்ந்து குழம்பு போட்டுத் தின்றிருக்கிறான். பிறகு அடி மரையை இறுக்கி, புது எண்ணெயை ஊற்றினாள். வெல்லப்பாகு நிறத்தில் தெளிவாக இறங்கியது. மேல் துளையின் விளிம்பு வரை வந்து ஒரு சொட்டு வழிந்ததும் மூடினாள்.

தெருமுனை வரைதான் ஓட்டினாள். முதல் கியரில் முனகியது. இரண்டாவதில் அழுதது. மூன்றாவதில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார் உண்மையைத்தான் சொன்னது, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி. இந்தச் சத்தத்தைக் கேட்டு எந்த டீச்சரும் வாங்கமாட்டாள்.

வண்டியை வாசலில் விட்டுவிட்டுச் சோப்பும் சர்க்கரையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினாள். நாற்றம் போகவில்லை. சமையலறையில் தார் தொங்கியது. சாயங்காலம் தட்டிப் பொரிக்கலாம் என்று வைத்திருந்தது. மணி இரண்டேகால். அர்னோபியோவை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டே இரண்டு காய்களைப் பறித்தாள். சும்மா ஓட்டினால் ஒரு மாதம் தாங்கும், கவனமாக ஓட்டினால் இரண்டு மாதம், அதற்குள் அந்த டீச்சரே ஒரு மெக்கானிக்கிடம் காட்டமாட்டாளா என்று எண்ணிக்கொண்டாள். மலையிலிருந்து இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது கியர்தான் என்பதையும் எண்ணிக்கொண்டாள். அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே கத்தி சீவிக்கொண்டிருந்தது. மெல்லிசாக, அவன் சொன்ன அதே பக்குவத்தில். பச்சைக் காயின் வாசனை நல்ல வாசனையாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு போய் மறுபடி அட்டையில் படுத்து, மேல் மரையைக் கழற்றினாள். தட்டு சக்கரத்தருகே வெயிலில் இருந்தது. முதல் துண்டைக் கையில் எடுத்தபோது இரண்டு வெள்ளைக் கேன்வாஸ் காலணிகள் வந்து தட்டுக்குப் பக்கத்தில் நின்றன.

"சீக்கிரமே வந்துட்டேன்க்கா. பஸ் கெடச்சுது." யூரானியின் குரல். பிறகு சந்தோஷமாக, "ஐயோ, ஆயிலா மாத்துறீங்க? எனக்காகவா?"

"ஆமா கண்ணு" என்று சொல்லிவிட்டாள் ருபியேலா. கண்ணு என்ற சொல் அர்னோபியோவின் 'தங்கச்சி' போலவே இழைந்து வந்ததை அவளே கேட்டாள்.

"யாருக்கா இந்தக் காலத்துல இப்படிப் பாத்துக் குடுக்குறா." காலணிகள் மடங்கின. நகச்சாயம் பூசாத சின்னக் கை ஒன்று கீழே வந்து தட்டின் விளிம்பைப் பிடித்தது. "சமையலையும் பாதியில விட்டுட்டு வந்திருக்கீங்க. எறும்பு ஏறுது பாருங்க. நான் உள்ள கொண்டுபோய் வைக்கிறேன். வந்தவுடனே ஓட்டிப் பாக்கலாம், சரியா?"

தட்டு எழும்பிக் கண்ணிலிருந்து மறைந்தது. காலணிகள் வாசற்படி ஏறிப்போகும் சத்தம் கேட்டது. ருபியேலா அசையாமல் கிடந்தாள். மூடிய கையில் ஒரே ஒரு துண்டு இருந்தது, ஓரங்கள் ஏற்கெனவே கறுக்கத் தொடங்கியிருந்தன. முகத்துக்கு நேர் மேலே திறந்து கிடந்த துளையின் விளிம்பில் புது எண்ணெய் ஒரு சொட்டுத் திரண்டு, பாகு போலப் பளபளத்து, விழாமல் நின்றது.