பதினெட்டாவது உதாரணம்

கையேட்டின் பதினெட்டு உதாரண நிரல்களும் சரி என்று திரையில் பச்சை எழுத்து விழுந்தபோது முனவ்வராவுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. அவளும், அவள் அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் கூட்டாளி றினோஸும் அலுவிகாரையில் ஒரு கடைக்கு மேலே இருந்து ஆறு மாதமாகக் கட்டிய மென்பொருள். லக்கலயில் யானையைக் கண்டதும் காட்டோரத்தில் சேனைப் பயிர் செய்கிறவர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். யானை விலகியதும் ‘இனிப் பயமில்லை’ என்று இன்னொன்று அனுப்பும். நாளைக்கு வெளியீடு. கையேட்டில் எழுதிய உதாரணம் ஓடாவிட்டால் மானம் போய்விடுமே என்று ஒவ்வொன்றையும் இப்போதுதான் ஓட்டிப் பார்த்தாள்.

கடைசி உதாரணம் ‘இனிப் பயமில்லை’ அனுப்புவது. அதை மறுபடி வாசித்தாள். பொய் எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மாதமாகப் பரீட்சார்த்தமாக எச்சரிக்கை பெறும் லக்கலயின் நாற்பத்தொரு வீட்டு எண்கள் இருந்தன.

“நானா, இது யார்ட நம்பர்?”

எட்டிப் பார்த்த றினோஸின் முகம் வெளுத்தது. “ஓடுற கோட்லருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். நீங்கதானே சொன்னீங்க, உதாரணம் நெசம் மாதிரி ஈக்கணும்னு.”

சொன்னவள் அவள்தான். ஐந்தரை மணிக்குத்தான் அந்த வீடுகளுக்கு நிஜமான யானை எச்சரிக்கை போயிருந்தது. யானை இன்னும் அங்கேதான் நின்றது. இப்போது ஆறு மணி. உதாரணத்தை ஓட்டி, இருட்டுகிற நேரம் பார்த்து எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டாளே, யா அல்லாஹ்!

மறுப்புச் செய்தி அனுப்பினார்கள். எல்லோரும் வாசிப்பார்கள் என்று நம்பி உட்கார முடியுமா? பட்டியலைப் பாதியாகப் பிரித்து ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். முனவ்வரா சிங்களத்தில் கெஞ்சினாள். ஒரு பெண் பிடித்துத் திட்டினாள். வீட்டுக்குள் இருந்து திட்டுகிறாள், அதுபோதும் என்றிருந்தது. நாற்பது பேர் எடுத்துவிட்டார்கள். சோளம் போட்டிருந்த சுந்தரலிங்கம் மட்டும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தார்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“பரண்லருந்து எறங்கி வீட்டுக்கு நடக்கிறேன் தங்கச்சி. யானை போயிருச்சுன்னு மெசேஜ் வந்திச்சே.”

“போகல அண்ணே! அது நாங்க தப்பா அனுப்பினது. திரும்பிப் போய் ஏறுங்க!”

நடை நின்றது தெரிந்தது. மூச்சு மட்டும் கேட்டது.

“தங்கச்சி,” குரல் கிசுகிசுத்தது. “டோர்ச்ச அணைச்சிட்டேன். பேசாதீங்க.”

ஏதோ கேட்க வந்த றினோஸின் கையை முனவ்வரா இறுகப் பிடித்தாள். போனுக்குள் சோளத்தட்டை ஒன்று முறிந்தது. பிறகு இன்னொன்று, இன்னும் கிட்டே.