ஒன்பது பொருத்தம்

என் தம்பி அகிலனின் காதலி இறந்துபோன செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6.12க்கு வந்தது. 6.05க்கு அம்மா அவளுக்கு வழக்கம்போல ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் அனுப்பியிருந்தார். ஏழு நிமிடம் கழித்து அதே எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. தாரணி நேற்று மாலை ஆஸ்திரேலியாவில், பெர்த்தில், கார் விபத்தில் இறந்துவிட்டாள். எழுதுவது அவளுடைய அக்கா.

அம்மா கரண்டியோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பை நான்தான் அணைத்தேன்.

தாரணியை எங்கள் வீட்டில் யாரும் நேரில் பார்த்ததில்லை. அகிலனும் பார்த்ததில்லை. பத்து மாதத்துக்கு முன்னால் இன்ஸ்டாகிராமில் பழக்கம். எங்களைப் போலவே சிங்கப்பூரில் பிறந்து, பெர்த்தில் கடல் உயிரியல் படிப்பதாகச் சொன்னாள். வீடியோவில் வரமாட்டாள். முதலில் கேமரா கெட்டுப்போயிருந்தது. அது சரியானபோது அவள் டால்பின் கணக்கெடுக்கக் கப்பலில் போய்விட்டாள். ஒரே ஒரு நல்ல படம் இருந்தது. அதில் அவளுக்கு ஒரு காதில் ஜிமிக்கி, இன்னொரு காதில் வளையம்.

"தோடு ரெண்டும் வேற வேறயா இருக்கேம்மா," என்றேன்.

"ஃபேஷன் லா அது. உனக்கு எங்க தெரியும்," என்றார் அம்மா.

எனக்கு ஃபேஷன் தெரியாதுதான். ஜூரோங்கில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். போத்தலில் தண்ணீர் எடுத்த தேதியும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையில் பாதி. இல்லாவிட்டால் தண்ணீரைக் கொட்டிவிடுவோம்.

அம்மா தாரணியின் எண்ணை அகிலனிடம் கேட்டு வாங்கியது ஐந்தாவது மாதத்தில். "சும்மா ஒரு ஹலோ சொல்றேன்டா" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு தினமும் காலையில் சாமி படம், பூப்படம், சளிக்குக் கஷாயம். அவள் ஒருநாள்கூடப் பதில் போடத் தவறியதில்லை. என்னைவிட ஒழுங்கான பெண் என்று அம்மா என்னிடமே சொன்னார். எட்டாவது மாதம் ஜாதகம் கேட்டார். இரண்டு நாள் கழித்துப் பிறந்த விவரம் வந்தது. அதை ஜோசியருக்காகத் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான். 9 நவம்பர் 2003, விடிகாலை 4.17. நிமிடம்வரை எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

கேம்பல் லேனில் பூக்கடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஜோசியர் பார்த்துவிட்டுப் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றார். பெண்ணுக்குத் தீர்க்காயுள், எண்பத்தைந்து தாண்டும் என்றார். டிசம்பரில் பெர்த்துக்கே போய்ப் பெண்வீட்டாரைப் பார்த்துவிடலாம் என்று அம்மா விமான டிக்கெட் எடுத்தார். டிக்கெட் எடுத்த செய்தியைத் தாரணிக்கும் அனுப்பினார்.

மூன்று நாளில் தாரணி இறந்துவிட்டாள்.

செய்தி வந்த அன்று மாலை அந்த ஜிமிக்கிப் படம் சட்டம் போட்டு ஹாலுக்கு வந்தது. அம்மா விளக்கேற்றினார். பதினாறு நாள் துக்கம் என்றார்.

"தாலி கட்டலையே," என்றார் அப்பா.

"மனசால மருமகதான்."

"கார் விபத்துன்னா அந்த ஊர் பேப்பர்ல வந்திருக்குமே."

அம்மா பார்த்த பார்வையில் அப்பா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அகிலன் அழவில்லை. பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டான். அவன் நடைப்போட்டி வீரன். ஓடக் கூடாது, நடக்க வேண்டும். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டு காலும் தூக்கியது நடுவரின் கண்ணில் பட்டால் சிவப்பு அட்டை எழுதுவார். மூன்று அட்டை சேர்ந்தால் வெளியே. இடுப்பை ஆட்டி ஆட்டி அவன் ஈசூன் குளத்தைச் சுற்றும்போது உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அதற்கெல்லாம் அவன் கவலைப்பட்டதில்லை. அவன் கவலை முப்பத்தெட்டு வினாடி. பத்தாயிரம் மீட்டரை ஐம்பது நிமிடத்துக்குள் நடந்தால் பாங்காக்கில் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகலாம். அவனுடைய சிறந்த நேரம் 50.38. அந்தச் சனிக்கிழமைப் போட்டிதான் கடைசி வாய்ப்பு. அதோடு அவன் படிப்பு முடிகிறது.

"அக்கா, நான் விலகிக்கிறேன்னு ஒரு ஈமெயில் எழுதிக் குடு," என்றான். "எனக்கு எழுத வரல."

"நாலு வருஷம் நடந்திருக்கடா."

"யாருக்கு நடக்கறது இப்ப?"

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருந்தேன்.

துக்கம் கேட்க அவனுடைய அணிக்காரன் நிதீஷ் முதல் மூன்று நாளும் வந்தான். அவனும் நடப்பவன்தான், அகிலனைவிடக் கொஞ்சம் மெதுவாக. அம்மா அவனுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தார். படத்துக்குக் கீழே உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு நாளும் நான்கு தோசை சாப்பிட்டான்.

"நண்பன்னா இப்படி இருக்கணும்," என்றார் அம்மா.

வியாழக்கிழமை அம்மா ஜோசியரிடம் சண்டை போடக் கிளம்பினார். நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு துணைக்குப் போனேன்.

"எண்பத்தஞ்சுன்னு சொன்னீங்க," என்றார் அம்மா. "இருபத்தொண்ணுல போயிட்டா."

ஜோசியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டங்களை மறுபடி பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். பூக்கடைப் பெண் சரம் கட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"போகலம்மா," என்றார்.

"என்ன போகல? அவ அக்காவே மெசேஜ் போட்டா."

"மெசேஜ் யாரு வேணா போடுவாங்க. இந்த ஜாதகத்துக்கு இப்ப கண்டம் ஒண்ணும் கிடையாது. வயித்துக்குக்கூட ஒரு குறையும் இல்ல. இந்த உயிர் நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

அம்மா அங்கேயே அழுதார். எனக்குக் கோபம் வந்தது. இறந்தவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு மனிதர் எப்படிச் சொல்லலாம். ரயிலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டபோது, அந்த ஈமெயிலையாவது எழுதிவிடுவோம் என்று போனில் போட்டிப் பட்டியலைத் திறந்தேன். அகிலனின் எண் வேண்டியிருந்தது. எண், பெயர், பிறந்த தேதி. அகிலனின் எண் பதினேழு. அதற்கு அடுத்த வரியில் நிதீஷ், 9 நவம்பர் 2003.

ஒரே நாளில் பிறந்தவர்கள் எத்தனையோ பேர். தேதி மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நேரம் வேண்டும்.

மறுநாள் மதியம் நிதீஷைக் கிளமெண்டியில் காப்பிக்கடையில் பிடித்தேன். மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அதிகம் பழகாதவர்களிடம் பேச வராது. அதனால் எதிரில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

"நீ எத்தன மணிக்குப் பொறந்த?"

"விடிகாலை நாலு பதினேழுக்கு அக்கா," என்றான். பிறகு மெதுவாகக் கரண்டியைக் கீழே வைத்தான்.



"ஒரு வாரம் ஜோக்குன்னுதான் ஆரம்பிச்சேன்," என்றான். "நடக்கறவனை எந்தப் பொண்ணும் பார்க்க மாட்டான்னு சொல்லிட்டே இருந்தான். சரி ஒரு பொண்ணு பார்க்கட்டும்னு... படம் ஏஐ-ல பண்ணது. அப்புறம் அவன் நல்லா நடக்க ஆரம்பிச்சிட்டான்கா. கோச்சுக்கே ஆச்சரியம். எப்படி நிறுத்தறது?"

"அதுக்காகச் சாகடிப்பியா?"

"அகிலனால இல்ல. ஆன்ட்டியால." தட்டைத் தள்ளி வைத்தான். "தினம் காலைல குட் மார்னிங். பத்து நிமிஷம் லேட்டானா உடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க. ஜாதகம் கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும், எங்கம்மாகிட்டக் கேட்டு என்னோடதையே குடுத்துட்டேன். பொருந்தாதுன்னு நெனச்சேன். ஒன்பது பொருந்திடுச்சு. டிக்கெட்டும் எடுத்துட்டாங்க. நான் வேற என்ன செய்ய?"

"நாலு நாலு தோசை சாப்பிட்ட."

"ஆன்ட்டி வச்சா வேணாம்னு சொல்ல முடியல."

அவனைத் திட்ட வேண்டும் என்று வந்திருந்தேன். திட்டுவதற்கான சொற்கள் ஒன்றும் அகப்படவில்லை. "நாளைக்கு அவன் நடக்கலன்னா அவன் நாலு வருஷம் போச்சு," என்றேன். "நீதான் வரவைக்கணும். அப்புறம் நீயே உண்மைய சொல்லணும். ரேஸ் முடியறதுக்குள்ள. இல்லன்னா முடிஞ்சதும் நான் சொல்லுவேன்."

அவன் போனை எடுத்தான். தாரணியின் அக்காவாக அகிலனுக்கு ஒரு செய்தி தட்டினான். சனிக்கிழமை அகிலன் நடக்க வேண்டும் என்பதுதான் தங்கையின் கடைசி ஆசை. அனுப்பும் முன் என்னிடம் காட்டினான். வேலையில் ஒரு தசம எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. படித்துப் பார்த்து, "அவ அகின்னுதானே கூப்பிடுவா," என்று ஓர் இடத்தைத் திருத்தினேன்.

சனிக்கிழமை காலை அகிலன் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தான். அம்மா நிதீஷுக்கும் ஒன்று கட்டிவிட்டார். பிறகு பார்வையாளர் படியில் எலுமிச்சை சாத டப்பாவோடு உட்கார்ந்தார். அப்பா பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டிருந்தார். நான் வளைவில் வேலியோரம் நின்றேன்.

இருபத்தைந்து சுற்று. சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஐம்பது. முதல் எட்டுச் சுற்றிலும் அகிலன் சுற்றுக்கு ஒரு வினாடியோ இரண்டோ அதிகம் எடுத்துக்கொண்டிருந்தான். நிதீஷ் அவனை ஒட்டியே வந்தான். ஒன்பதாவது சுற்றில் நிதீஷின் வாய் அசைவதைப் பார்த்தேன். எதிர்ப்பக்க வளைவுவரை அது அசைந்துகொண்டே இருந்தது.

பத்தாவது சுற்றில் அவர்கள் என்னைக் கடந்தபோது நிதீஷ் முன்னால் இருந்தான். அகிலன் நான்கு மீட்டர் பின்னால்.

"நில்லுடா," என்றான் அகிலன்.

நிற்கவில்லை. இருவராலும் ஓடவும் முடியாது. ஓடினால் அட்டை. ஒருவன் தப்பிக்க, ஒருவன் பிடிக்க, இருவரும் இடுப்பை ஆட்டி, முழங்கால் மடங்காமல், ஒரு கால் தரையில் இருக்க நடந்துபோனார்கள். அவர்கள் பேச்சு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாக்கியம் எனக்குக் கேட்டது.

"டால்பின் கதையும் நீதானா?"

இரண்டு நிமிடம்.

"பர்த்டேக்குப் பாட்டு பாடினது யாரு?"

"என் கஸின் லா. சாரி."

இரண்டு நிமிடம்.

"எங்கம்மா விளக்கேத்திட்டு இருக்காங்கடா."

நிதீஷ் இன்னும் வேகமாக நடந்தான். ஒரு நடுவர் அவனுக்கு எச்சரிக்கையாக மஞ்சள் பலகையைக் காட்டினார். படியில் அம்மா எழுந்து நின்று கைதட்டினார். "பாருங்க, அந்தப் பொண்ணுக்காக எப்படி நடக்கறான்," என்று அவர் பக்கத்து வரிசையில் சொன்னது எனக்கே கேட்டது. என் கைக்கடிகாரத்தில் சுற்றுக்கு ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு என்று வந்துகொண்டிருந்தது. அகிலன் அவ்வளவு வேகமாக என்றும் நடந்ததில்லை.

இருபத்து மூன்றாவது சுற்றில் நிதீஷுக்கு மூன்றாவது சிவப்பு அட்டை. கால் தூக்கிவிட்டான். தலைமை நடுவர் சிவப்புப் பலகையைக் காட்டினார். நிதீஷ் தடத்தை விட்டுப் புல்லில் இறங்கினான், சரியாக என் எதிரில். இனி அவன் ஓடலாம். ஓடவில்லை. இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

அகிலன் வந்தான். நிதீஷ் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓர் அடி வைத்தால் போதும். அந்த ஓர் அடியோடு பாங்காக் கைவிட்டுப் போய்விடும். அகிலன் அவனைப் பார்த்தான். நடுவர் அகிலனின் காலைப் பார்த்தார். என் கையில் வேலிக் கம்பி பதிந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

அகிலன் கோட்டைத் தாண்டவில்லை. கழுத்தைத் திருப்பி நிதீஷைப் பார்த்துக்கொண்டே நடந்து போனான்.

49.51.

முடிந்ததும் அவன் தடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நான் போவதற்குள் நிதீஷ் தண்ணீர்ப் போத்தலோடு அங்கே நின்றான், இரண்டடி தள்ளி. அடிப்பான் என்று நினைத்தேன். அகிலன் போத்தலை வாங்கிக் குடித்தான்.

"கணுக்கால் வீங்கினப்ப ஐஸ் வைக்கச் சொன்னது?"

"நான்தான்."

"பெர்த்ல மழைன்னு சொன்னப்ப?"

"இங்கதான் மழை."

அகிலன் போத்தலை மூடினான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து மூடினான்.

அம்மா டப்பாவோடு வந்தார். யாரும் பேசாததால் நான் சொல்ல வேண்டியதாயிற்று. நான்கு வாக்கியத்தில் சொன்னேன். அம்மா நிதீஷைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஜாதகம் உன்னோடதா?"

"ஆமா ஆன்ட்டி."

"ஜோசியர் சரியாத்தான் சொல்லியிருக்கார்," என்றார் அப்பா. யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"தினமும் காலைல எனக்குப் பதில் போட்டது நீ?"

"ஆமா ஆன்ட்டி. சாரி ஆன்ட்டி."

அம்மா டப்பாவை என்னிடம் கொடுத்தார். நிதீஷ் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா அறையவில்லை. அவன் கையைப் பிடித்துக் கறுப்புத் துணியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். வியர்வையில் இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினார்.

"உயிரோட இருக்கறவனுக்கு இதெல்லாம் கட்டக் கூடாது," என்றார். அவர் மூக்கு சிவந்திருந்தது.

பிறகு அகிலன் பக்கம் திரும்பினார். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"இது இருக்கட்டும்மா," என்றான். "பதினாறு நாள் இன்னும் ஆகல."