எட்டாம் கட்டிலின் தாள்

குழந்தைகள் வார்டுக்கு முதல் பெண் டாக்டராக அவள் வந்த அன்று, யாரோ ஒரு பிள்ளையின் தாய் என்று நினைத்துக் காவலாளி கேட்டிலேயே நிறுத்திவிட்டார். “நாலு மணிக்குத்தாம்மா விடுவாங்க. ஒரு மணி நேரம் பாத்துட்டுக் கெளம்பிடணும்.”

வேலை உத்தரவைக் காட்டிய பிறகும், அவளுக்குப் பின்னால் நிஜ டாக்டர் யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார். மருந்து அலமாரி எட்டாமல் ஸ்டூல் போட்டு ஏறுவதைப் பார்த்து, ஒரே வாரத்தில் ‘குட்டி டாக்டர்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

தாய்மார் உள்ளே இருந்தால் கிருமி வரும், அழுகை வரும் என்பது பெரிய டாக்டரின் சட்டம். குட்டி டாக்டரும் நம்பினாள். எட்டாம் கட்டிலில் மூன்று வயதுப் பெண் குழந்தை மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தியது. நான்காம் நாள் அடங்கியது. “அப்பாடா, சமத்தாயிட்டா” என்றார் ஹெட் நர்ஸ். குட்டி டாக்டர் கட்டிலில் தொங்கிய நோய்க்குறிப்புத் தாளில் எழுதினாள்: ‘அழுகை இல்லை. தேறி வருகிறாள்.’ ஒன்பதாம் நாள் குழந்தை இறந்துபோய்க் கட்டில் காலி. ‘தேறி வருகிறாள்’ என்பது அவள் படித்த படிப்பெல்லாம் திரண்டு வந்து எழுதிய வரி. தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். திருட்டுத்தான்.

அடுத்த மாதம் பதினொன்றாம் கட்டிலுக்கு ஒன்றரை வயதுப் பையன் வந்தான். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, பால்தான் இறங்கவில்லை. நான்காம் நாள் அழுகையை நிறுத்திச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். குட்டி டாக்டர் கோட்டுப் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தாள். நேரே கேட்டுக்குப் போனாள். பையனின் தாய் அங்கேதான் நின்றிருந்தாள்.

“உங்களுக்குப் பெருக்கத் தெரியுமா?”

“என் வீட்டை வந்து பாத்தா இப்படிக் கேக்க மாட்டீங்க டாக்டரம்மா. ஏன்?”

லீவில் போன துப்புரவுப் பணியாளரின் நீல அங்கி அந்தத் தாய்க்குச் சரியாக இருந்தது. ஹெட் நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. ஆனா வேலை போச்சுன்னா உங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவேன்.”

“வாங்கக்கா. என் சமையலுக்கு ஒரே நாள்ல ஓடிடுவீங்க.”

ஐந்து நாள் அந்தத் துடைப்பம் பதினொன்றாம் கட்டிலைத் தாண்டவில்லை. பையன் பால் குடித்தான். தாய் நகர்ந்தால் வீரிட்டான். அந்த அழுகையைக் கேட்கக் குட்டி டாக்டருக்கு இனித்தது.

ஆறாம் நாள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். “அம்மா!” என்று பையன் கத்தியதை அவர் கவனிக்கவில்லை. இருபது பிள்ளைகள் நாள் முழுக்கக் கத்தும் சொல் அது. அவர் கண் எடைக் கணக்கில் நின்றது.

“நல்லா ஏறுதே! என்ன மருந்து? இதையே எல்லாருக்கும் எழுதுங்க.”

டானிக் என்று ஏதாவது சொன்னால் இந்தப் பையன் பிழைப்பான், வேலையும் பிழைக்கும். மற்ற பத்தொன்பது பேருக்கும் அந்த டானிக்தான் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் தாய் இப்போதே வெளியே. பையன் மறுபடி சுவரைப் பார்ப்பான்.

“அது ஸ்டாக்ல இல்ல சார்” என்றாள். “கேட்டுக்கு வெளியில நிக்குது. ஒண்ணை மட்டும் நான் திருட்டுத்தனமா உள்ள கொண்டுவந்தேன். அதோ, தொடப்பத்தோட.”

அவள் எட்டாம் கட்டிலின் தாளை எடுத்து நீட்டினாள். அவர் படித்தார். அவள் எழுதிய வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது.

“உங்களுக்கு மெமோ உண்டு.”

“சரி சார்.”

“அந்தம்மா எதுக்கு நிக்கிறாங்க? உக்கார ஏதாவது குடுங்க.”

வார்டில் இருந்தது ஒரே ஸ்டூல். அன்று முழுக்கக் குட்டி டாக்டர் நுனிக்காலில் எக்கி எக்கித்தான் மருந்து எடுத்தாள்.

மற்ற பத்தொன்பது கட்டில்களின் தாய்மாருக்கும் ஸ்டூல் வந்துசேர இரண்டு வருடமும் ஏழு மெமோக்களும் ஆயின. முதலில் வந்ததை அவளே தூக்கிக்கொண்டுபோய் எட்டாம் கட்டிலருகே போட்டாள். கட்டில் அன்று காலியாகத்தான் இருந்தது.