சிவப்புத் துணி கட்டிய பாதை

மருந்தடித்துவிட்டு வரும் சட்டையை அழகுமலை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவான். அப்படியும் அந்த வாடை வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தன் உடம்பிலிருந்துதான் வருகிறது என்று அவனும் நினைத்தான், அவன் பெண்டாட்டி மூக்கம்மாளும் நினைத்தாள். தேயிலைக்கு மருந்தடிக்கிறவன் வீட்டில் மல்லிகையா மணக்கும்?

மகளுக்கு இருமல் விடவில்லை. செல்வப்பிரியா பிளஸ் ஒன் படிக்கிறாள். மூவாயிரம் மீட்டர் ஓட்டக்காரி. வருகிற சனிக்கிழமை நெடுங்கண்டத்தில் ஜில்லா அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தேறிவிட்டால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல், சாப்பாடு, படிப்பு. கொழுந்துக் கூடை அவள் முதுகில் ஏறாது. அந்த வீட்டில் கொஞ்ச நாளாக வேறு பேச்சே இல்லை.

“பனி ஒத்துக்கலங்க. தலையில துணி கட்டாமப் படுக்கா,” என்றாள் மூக்கம்மாள்.

“பனியிலதான பெறந்தா? இப்பப் புதுசாவா ஒத்துக்காமப் போவுது?”

பள்ளிக்கூடத்து ஜிஸ்மி டீச்சர் போனில் கூப்பிட்டார். கடைசிச் சுற்றில் பிள்ளைக்கு மூச்சு விசில் மாதிரி வருகிறது, கண் எரிகிறது என்கிறாள், வீட்டில் விறகுப் புகையா என்று கேட்டார். கேஸ் அடுப்பு என்றான். காலையில் எங்கே ஓடுகிறாள் என்று கேட்டார். தோட்டத்து ரோட்டில் என்றான். நல்ல காற்றுதானே என்று அவரும் விட்டுவிட்டார். மலைக்காற்றின் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

செவ்வாய்க்கிழமை விடியும்போது அழகுமலை ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறினால் காற்றும் கிளம்பிவிடும், மருந்து இலையில் நிற்காது. அதனால் காற்று படுத்துக் கிடக்கிற நேரம் பார்த்து அடிப்பார்கள். முதுகில் டேங்க், வாயில் துண்டு, முன்னால் மூடுபனி. பனி எது மருந்து எது என்று அடிக்கிறவனுக்கே தெரியாது. பாதையோரம் கம்பு நட்டு, முந்தின சாயங்காலமே சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் இந்தக் காட்டுக்குள் இறங்கக்கூடாது என்பதற்கு அதுதான் அடையாளம். மருந்தடித்த பிறகும் சில நாள் அதை அவிழ்க்கமாட்டார்கள்.

பனிக்குள்ளிருந்து காலடிச் சத்தம் வந்தது.

“பன்னியாண்ணே?” என்றான் கூட அடித்துக்கொண்டிருந்த ரமேஷ்குமார்.

“பன்னி தாளம் போட்டா ஓடும்?”

அழகுமலையின் கை கைப்பிடியிலிருந்து நழுவியது. சிவப்புத் துணியைத் தாண்டி, வாயைத் திறந்து மூச்சை அள்ளி அள்ளி இழுத்துக்கொண்டு, அவன் மகள் வந்துகொண்டிருந்தாள்.

“ஏ புள்ள! நில்லு! நில்லு தாயி!”

அவள் நின்றாள். “அப்பாவா? துண்டோட பாத்தா ஆளே தெரியல.”

“கொடி கட்டிருக்கே, கண்ணு அவிஞ்சா போச்சு?”

“கொடி கட்டிருக்குன்னுதான இந்தப் பக்கம் வாரேன்.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“மெயின் ரோட்டுல சூரியன் உதிக்கிறதப் பாக்கப் போற டூரிஸ்ட் ஜீப்பு வரிசையா வருது. ஒரே புகை. ஓடுறதப் படம் வேற எடுக்கானுவ. பேக்டரிப் பக்கம் போனா நாய் வெரட்டுது. நீதானப்பா சொன்ன, கொடி கட்டுன பக்கம் ஈ காக்கா வராதுன்னு? எந்த நம்பர்ல கொடின்னு பாத்து வச்சுக்கிட்டு அங்கதான் ஓடுதேன். கொழுந்துதான தொடக்கூடாது? நான் எலையத் தொடவே இல்லையே.”

கெட்டிக்காரத்தனமாக ஏதோ செய்துவிட்ட முகத்தோடு சொன்னாள். இதுவரை மருந்தடித்த காடுகளில் மறுநாள்தான் ஓடியிருக்கிறாள். இன்று நேராக மருந்துக்குள்ளேயே வந்துவிட்டாள். அழகுமலை வாயில் கட்டிய துண்டை இறக்கிவிட்டுக் கிட்டே போய் அவள் தலையை மோந்து பார்த்தான். வீட்டுக்குள் சுற்றிய வாடை அங்கே இருந்தது.

மத்தியானம் சூப்பர்வைசரிடம் போய் நின்றான். மருந்தடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் மாற்ற முடியுமா என்று கேட்டான்.

“எடோ, காத்தில்லாத நேரம் மருந்துக்கும் வேணும், உன் மோளுக்கும் வேணும். இருக்கிறது ஒரே நேரம். நான் என்ன செய்யட்டும்? ஓடுறதுக்கு கிரவுண்டு இல்லையா?”

“எங்க சார் இருக்கு?”

அவர் சிரித்துவிட்டு பைக்கை உதைத்தார்.

டிஸ்பென்சரி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு மாதம் ஓட வேண்டாம் என்றார். மீறி ஓடினால் மூச்சு முட்டிக் கீழே விழலாம், விளையாட்டில்லை என்றார்.  வீட்டுக்கு வந்ததும் செல்வப்பிரியா, “சனிக்கிழம மட்டும் ஓடிக்கிடுதேன். அப்புறம் ஒரு மாசமென்ன, ரெண்டு மாசங்கூடப் படுத்துக்கிடுதேன்,” என்றாள். மூக்கம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் சரியென்று தலையை ஆட்டிவிட்டான். கூடை ஏறி ஏறிக் கூனிப்போன மூக்கம்மாளின் முதுகு எதிரிலேயே இருந்தது.

சனிக்கிழமை மைதானத்தில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மகள் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை அவள் அவனைக் கடக்கும்போதும் வேலியோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவன் காதைத் தீட்டிக்கொண்டு மூச்சை மட்டும் கேட்டான். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல விசில் தொடங்கியது. அடுத்த தடவை வரும்போது உதடு வெளுத்திருந்தது. இன்னும் ஒரு சுற்றுதான். பல்லைக் கடித்தால் முடிந்துவிடும். ஹாஸ்டல், சாப்பாடு, படிப்பு.

“நில்லு!” என்று கத்திவிட்டான். “நில்லு தாயி!”

காட்டில் நின்ற மாதிரியே நின்றாள். முட்டியில் கையூன்றிக் குனிந்தாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஜிஸ்மி டீச்சர் தண்ணீரோடு ஓடிவந்தார்.

அழகுமலை தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைக்கப் போனான். பாதியில் கையை இழுத்துக்கொண்டான். துவைத்த துண்டுதான். ஆனாலும் அது தினமும் வாயில் கட்டுகிற துண்டு. உள்ளங்கையால் துடைக்கலாமா என்று பார்த்தான். அதையும் மடக்கிக்கொண்டான்.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அவள் நிமிர்ந்தாள். அழவில்லை.

“என்னய நிப்பாட்டிட்ட,” என்றாள். “திங்கக்கிழம நீ எந்த நம்பர்லப்பா அடிக்க? அத விட்டுட்டு வேற பக்கம் ஓடிக்கிடுதேன்.”

அவன் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே, “பன்னெண்டு,” என்றான்.