மூன்றாவது பெடல்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். கிளட்ச்சை மெதுவாக விடு, பாதியில் நிறுத்து, இப்போது முழுசாக விடு என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கரகரத்துப்போன டிரைவிங் ஸ்கூல் மிஸ். அப்பேர்ப்பட்டவளின் மானம், தம்பிக்காக வாங்கிய புதுக் காரை ஷோரூமிலிருந்து ஓட்டிவந்த அன்று முதல் சிக்னலிலேயே கப்பலேறியது. பழக்க தோஷத்தில் இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போய் ஓங்கி மிதித்துவிட்டது. அந்தக் காரில் கிளட்ச் பெடலே கிடையாது. கால் விழுந்தது அகலமான பிரேக்கின் மேல். கார் குத்திட்டு நின்றது, பக்கத்தில் இருந்த தம்பி பெல்ட்டில் தொங்கினான், பின்னால் வந்தவன் ஹாரனிலேயே அவள் பரம்பரையை விசாரித்தான்.

"மிஸ், கிளட்ச்ச மெதுவா விடுங்க மிஸ்" என்றான் தம்பி.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விபத்துக்குப் பிறகு அவன் கிண்டல் பண்ணியது அதுதான் முதல் தடவை.

தம்பிக்குக் கார் என்றால் கியர் போட்டு ஓட்டுகிற கார்தான். மற்றதெல்லாம் லிஃப்ட். "பட்டன அமுக்கினா மேல போகும், இன்னொண்ண அமுக்கினா கீழ வரும். அதுக்கு எதுக்குக்கா லைசென்ஸ்?" என்பான். வாரமெல்லாம் ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் தன் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை மலைச் சாலைக்குக் கொண்டுபோய்விடுவான். இரண்டே சீட். ஏறி இறங்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். கியர் லீவரின் குமிழ் அவன் உள்ளங்கை பட்டே வழவழவென்று ஆகியிருந்தது. போன வருஷம் அந்த மலையிலிருந்து இறங்கும்போது, பாறைச் சுவரை ஒட்டிய கொண்டை ஊசி வளைவில், மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு வர கிளட்ச்சை மிதித்தான். இரண்டு விழவில்லை. எந்தக் கியரிலும் இல்லாத கார் தன் பாட்டுக்கு உருண்டு போய்ச் சுவரில் மோதியது. பெடலை அறுத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். இடது கால் அதை மிதித்தபடியே நசுங்கிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

இல்லாத காலில் வலி வருவது சகஜம்தான் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனால் தம்பிக்கு அது வலித்த விதமே வேறு.

"கால் கீழ அமுங்கியே இருக்குக்கா. எதையோ மிதிச்சுக்கிட்டே இருக்கு. தூக்க முடியல" என்று சொல்லிக் காலியான பேன்ட் துணியைப் போட்டுப் பிசைவான். மாத்திரைகள் பெயருக்குத்தான் வேலை செய்தன. அவன் மனைவிதான் ஒரு நாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இவர எப்படியாவது மறுபடி ஓட்ட வைங்க. இப்படி சுவரப் பாத்து உக்காந்திருந்தா எனக்கே பைத்தியம் பிடிச்சிடும்" என்றாள். அப்படி வந்ததுதான் இந்தப் புதுக் கார்.

ஸ்போர்ட்ஸ் கார்தான், வேகத்துக்கும் குறைச்சல் இல்லை. ஷோரூம்காரர் வாய் வலிக்க விளக்கினார். "இதுல ரெண்டு கிளட்ச் சார். ரெண்டையும் வண்டியே பாத்துக்கும். ஒண்ணு மூணாவது கியர புடிச்சிட்டு ஓடும்போதே, இன்னொண்ணு நாலாவத எடுத்து ரெடியா வெச்சுக்கிட்டு காத்துட்டு இருக்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இந்தத் தகட்ட விரலால இழுத்தீங்கன்னா போதும். நீங்க நினைக்கிறதுக்குள்ள மாறியிருக்கும்."

"அப்போ நான் எதுக்கு?" என்று கேட்டான் தம்பி. ஷோரூம்காரர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

முதல் சில வாரங்கள் அவன் கடனே என்றுதான் ஓட்டினான். செயற்கைக் கால் பிரேக்கில் இடிக்கிறது என்று அதைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு உட்காருவான். தகட்டை இழுப்பான், கியர் மாறும், மாறியதே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று இருந்தது. அவனுக்குத்தான் முகம் தொங்கியது.

"ஒரு கியருக்கும் இன்னொரு கியருக்கும் நடுவுல ஒரு மூச்சு இருக்கும்க்கா. அந்த ஒரு நொடி வண்டி யாரோடதும் இல்ல. அத திரும்பப் புடிக்கிறது நீதான். அதுலதான் எல்லா சுகமும். இதுல அந்த மூச்சே இல்ல."

"மூச்சு இல்லேன்னா என்ன, உயிரோட வீட்டுக்கு வந்து சேருற இல்ல?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த தடவை புறவழிச்சாலையில் போகும்போதுதான் அது நடந்தது. தம்பி தகட்டை இழுத்தான். கியர் உடனே மாறவில்லை. இன்ஜின் சத்தம் ஒரு கணம் துள்ளி மேலே போய், அந்தரத்தில் நின்று, பிறகு இறங்கிப் பிடித்துக்கொண்டது. ஒருத்தர் காலால் கிளட்ச்சை மிதித்து, பிறகு விடுவித்தால் எப்படிக் கேட்குமோ அப்படி. வாழ்நாளெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவள் அவள். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்கள் விரிந்திருந்தன. மடித்துவிட்ட பேன்ட்டுக்குள் மிச்சமிருந்த தொடை இறங்கி ஏறியது.

"அக்கா, கால் தூக்க வருதுக்கா" என்றான். "மிதிக்கிறேன், விடறேன். வலி இல்ல!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். வருஷக்கணக்கில் அப்படிச் சிரிக்காதவன் மாதிரிச் சிரித்தான். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் காரை நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விடச் சொன்னாள்.

ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். கியர்பாக்ஸில் ஒரு குறையும் இல்லை. "கிளட்ச் வண்டியிலயே பழகினவங்க நீங்க. உங்க காதுக்கு அப்படிக் கேக்குது" என்று மெக்கானிக் ஆறுதல் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு தம்பியைக் கையில் பிடிக்க முடியவில்லை. காய்கறி வாங்கக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு போனான். தாடியை எடுத்தான், வாய்விட்டுப் பேசினான், மனைவியை வேண்டுமென்றே சீண்டிச் சண்டை இழுத்தான். காரில் இருக்கிறவரை வலியும் கிட்டே வரவில்லை.

ஒரு சாயங்காலம் தம்பி மனைவி காரின் உள்ளே தூசி தட்டிக்கொண்டிருந்தவள், அக்காவைச் சத்தம் போடாமல் கூப்பிட்டாள். பிரேக்குக்கு இடதுபுறம், எந்தக் காலும் படாத இடத்தில், புதுக் கம்பளம் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. குதிகால் ஊன்றி ஊன்றித் தேய்ந்த வட்டம். டிரைவிங் ஸ்கூல் காரில் கிளட்ச்சுக்கு அடியில் அக்கா தினமும் பார்க்கிற அதே வட்டம்.

"அவர்கிட்ட கேக்காதீங்க அண்ணி" என்றாள் அவன் மனைவி. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவர் சிரிக்கிறார். அத கெடுத்துடாதீங்க."

அக்கா கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்கு ஒன்று புரிந்திருந்தது. அந்தக் கால் கடைசியாகச் செய்த வேலை பாதியில் நிற்கிறது. மிதித்தது மிதித்தபடி போய்விட்டது, விடவே இல்லை. தட்டையான சாலையில் அது சமத்தாக மிதித்து விட்டுக்கொண்டிருக்கலாம். அந்த வளைவுக்குக் கூட்டிப்போனால் என்ன செய்யும்?

அந்த வாரமே தம்பி மலைக்குப் போகிறேன் என்று நின்றான். கெஞ்சினாள், திட்டினாள், சாவியைக்கூட ஒளித்து வைத்துப் பார்த்தாள். தனியாகவாவது போவேன் என்று சொன்ன பிறகு வேறு வழியில்லாமல் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

ஏறும்போது அவன் ஓட்டிய அழகைச் சொல்லத்தான் வேண்டும். வளைவுக்கு முன்னால் இன்ஜின் ஒரு மூச்சு விடும், கீழ்க் கியர் பிடிக்கும், கார் மலையைக் கவ்விக்கொண்டு ஏறும். பயத்தை மறந்து அவளே ஒரு இடத்தில் "சபாஷ்டா" என்றுவிட்டாள். உச்சியில் நிறுத்தி இருவரும் தண்ணீர் குடித்தார்கள். கீழே ஊர் சின்னதாகத் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோது, இவனுக்கு இதைக் கொடுத்தது எதுவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

இறங்கும்போது பாறைச் சுவர் கண்ணில் பட்டது. தம்பி இரண்டாவது கியருக்கு இழுத்தான். இன்ஜின் சத்தம் அப்படியே அடங்கியது. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் விழுந்து அடியில் கிடந்தது. எதிரே டாஷ்போர்டில் இரண்டு என்று பச்சையாக எரிந்தது, ஆனால் கார் எந்தக் கியரிலும் இல்லை. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது, கார் வேகம் பிடித்தது.

"கால எடுடா!"

"நான் இல்லக்கா! எடுக்க வரல, அமுங்கிடுச்சு!" இத்தனை வளைவுகளில் மிதித்து மிதித்துச் சூடேறிப் பிடி விட்டிருந்த பிரேக் அவன் வலது காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி இறங்கியது. இடது தொடை விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பிரேக்குக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், கம்பளம் அழுந்திப் பள்ளமாகிக்கொண்டே போனது.

பயந்துபோன புது மாணவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான் அது. ஆபத்து என்றால் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு விட மறந்துவிடுவார்கள். அவர்களிடம் கத்தினால் இன்னும் அழுத்துவார்கள். இது அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அவள் தம்பியைப் பார்க்கவில்லை. அந்தப் பள்ளத்தைப் பார்த்து, வகுப்பில் பேசுகிற அதே கரகரத்த குரலில் சொன்னாள்.

"ஒண்ணும் ஆகாது. மெதுவா விடு. இன்னும் கொஞ்சம். பாதி வந்ததும் நிறுத்து. நிறுத்திட்டியா? இப்ப முழுசா விடு."

கம்பளம் மெல்ல எழுந்தது. இன்ஜின் ஒரு அலறலோடு காரைப் பின்னால் இழுத்துப் பிடித்தது. பக்கக் கண்ணாடி சுவரில் உரசிப் பறந்தது, கார் வளைவைத் தாண்டி ஓரமாக நின்றது.

அவள் கையை நீட்டி இன்ஜினை அணைத்தாள். பிறகு தம்பி தொடைக்குக் கீழே வெறும் இடத்தைக் கையால் துழாவினான்.

"போயிடுச்சுக்கா."

"வலியா?"

"காலு" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

வலி அதற்குப் பிறகு வரவே இல்லை. காரிலும் ஒரு குறையும் தென்படவில்லை. நினைப்பதற்குள் கியர் மாறியது, மூச்சு விடாமல் ஓடியது. தம்பி அதில் ஆபீஸ் போனான், வந்தான். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்ல கார்" என்பான். அவன் வாயால் ஒரு காருக்கு அதைவிட மோசமான பட்டம் கிடையாது. மறுபடி சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தான். உயிரைக் காப்பாற்றியவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே குற்ற உணர்ச்சியாக இருந்தது.

யோசித்து யோசித்து ஒரு மத்தியானம் அவனை டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கற்றுக்கொடுக்கிற காரில் அவள் பக்கமும் பெடல்கள் உண்டு. இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கமும் இறங்கும்.

"நீ கியர் போடு. இடது கால் நான்" என்றாள்.

அவன் நம்பாமல் பார்த்துவிட்டு லீவரில் கை வைத்தான். அவள் கிளட்ச்சை மிதித்து, பாதியில் நிறுத்தி, விட்டாள். ஓட்டை வண்டி நகர்ந்தது. இரண்டுக்குத் தடுமாறினார்கள், பல்சக்கரம் கறகறத்தது, தம்பி சிரித்துவிட்டான். "அடுத்தது மூணுக்கா!" என்று கத்தினான். அவள் காலைத் தூக்கினாள்.

பெடல் ஏற்கெனவே கீழே போயிருந்தது.

லீவர் வெண்ணெயாக விழுந்தது. பெடல் எழுந்து, பாதியில் நின்று, பிறகு முழுசாக வந்தது. அவள் இரண்டு கால்களையும் மெதுவாக சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். நான்கு, மறுபடி மூன்று, இரண்டு. ஒரு தடவைகூடக் கறகறக்கவில்லை.

"எப்படிக்கா, என் மனசுக்குள்ள பூந்து பாத்த மாதிரி மிதிக்கிற?" முகமெல்லாம் பல்லாக இருந்தது அவனுக்கு. "ஞாயித்துக்கிழமை இதுலயே மலைக்குப் போலாமாக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவள் பக்கத்துப் பெடல் விருட்டென்று தரையோடு அமுங்கி, அங்கேயே நின்றது. இன்ஜின் சத்தம் விடுபட்டது, கார் தன் பாட்டுக்கு உருண்டது. இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தான் இவன் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும் என்று அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்துபோனது.

"மெதுவா விடு" என்றாள்.

"யார்கிட்டக்கா சொல்ற?" என்றான் தம்பி.

பெடல் பாதி எழுந்து, அடுத்த வார்த்தைக்காகக் காத்து நின்றது.