சுவருக்குள் படுத்திருந்த பல்

மேஸ்திரி வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அவர் கட்டிய சுவரும் சாயாது, சொன்ன சொல்லும் சாயாது என்று ஊரே சொல்லும். தெரியாதவர்களுக்கு அவரே எடுத்துச் சொல்லுவார். அப்படிப்பட்டவர், மகளின் பற்களுக்குக் கம்பி போடும் வேலையைக் குடும்பத்துப் பல் டாக்டருக்கே தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் எல்லாருடைய சொத்தைப் பல்லையும் அடைத்தவர் அவர். அவரை விட்டு வேறு வாசல் மிதிப்பது குடும்பத்துக்கே இழுக்கு.

டாக்டர் மகளின் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "இந்தப் பக்கம் கோரைப்பல் முளைக்கவே இல்ல மேஸ்திரி. பால்பல்லு இன்னும் உக்காந்திருக்கு. அதைப் பிடுங்கிட்டு, பக்கத்துப் பல்லை இழுத்து இடத்தை மூடிடலாம்."

"எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா, அங்கிள்?"

"எதுக்கும்மா? அதான் கண்ணுக்குத் தெரியுதே."

"நீங்க கம்பி போடுறதுக்குன்னு தனியா மேல படிச்சிருக்கீங்களா?"

மேஸ்திரிக்குக் காது சிவந்தது. வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினார். "என் மூக்கை அறுத்துட்டியே! பெரிய மனுஷனுக்குப் பரீட்சை வைக்கிறியா?"

"அப்பா, பழைய சுவரை இடிக்கச் சொன்னா, உள்ள குழாய் ஓடுதான்னு பாக்காம நீங்க கடப்பாரையைத் தூக்குவீங்களா?"

"அப்படித் தூக்குறவன் மேஸ்திரியா? கொலைகாரன்!"

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது உறைத்தது. வாக்கு ஒரு பக்கம் இழுத்தது, மகளின் வாய் ஒரு பக்கம் இழுத்தது.

கடைசியில், பல் வரிசையைச் சீர்படுத்துவதற்கென்றே தனிப் பட்டம் பெற்ற ஒரு பெண் டாக்டரிடம் மகளை அழைத்துப் போனார். புது ஆளை வேலைக்கு எடுப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: பல் டாக்டர் படிப்புக்கு மேலே என்ன படித்தீர்கள், எங்கே பதிந்திருக்கிறீர்கள், தினமும் இதே வேலைதானா? கோபித்துக்கொள்வாள், எழுந்து போய்விடலாம் என்று எங்கோ ஓர் ஆசையும் இருந்தது. அவளோ எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "இதெல்லாம் கேட்டுட்டுத்தான் ஐயா வாயைத் திறக்கணும்" என்றாள்.

எக்ஸ்ரே திரையில் வந்தது. மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முளைக்கவில்லை என்ற கோரைப்பல் எலும்புக்குள்ளே சாய்ந்து படுத்திருந்தது. வேரும் கூருமாய், ஒரு குறையும் இல்லாமல்.

"பாக்காம இடத்தை மூடியிருந்தா, பக்கத்துப் பல்லோட வேர் இது மேல போய் இடிச்சிருக்கும். அந்த வேரே கரைஞ்சு போயிருக்கலாம்."

"இப்போ?"

"ஈறுல சின்னதா ஒரு ஜன்னல் திறந்து, பல்லு மேல ஒரு பொத்தானை ஒட்டி, மெல்லிசு சங்கிலி கட்டி இழுப்போம். பூ மாதிரி இழுக்கணும். ரெண்டு வருஷம்கூட ஆகலாம். இப்படிப் படுத்த பல்லெல்லாம் வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இது வரும்னு நம்புறேன்."

"எலும்பைக் குடையாமலா?"

"பல்லு போற பக்கம் எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வழி விடும். பின்னாடி புது எலும்பு வளந்து மூடிக்கும்."

மேஸ்திரி வாயைப் பிளந்தார். ஆயுள் முழுக்கச் சுவரோடு மாரடித்தவர். நிற்கிற சுவருக்குள் ஒரு தூண் நடந்து போகிறதாம். முன்னால் தானே இடிகிறதாம், பின்னால் தானே பூசிக்கொள்கிறதாம். அதுவும் தன் மகள் வாய்க்குள்ளே!

"அப்பா, வாயை மூடுங்க. டாக்டர் உங்களுக்கும் கம்பி போட்டுடப் போறாங்க."

அங்கிருந்து நேரே பழைய டாக்டரிடம் போனார். முறித்த வாக்கை முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை. "கம்பி வேலையை வேற இடத்துல குடுத்துட்டேன் டாக்டரே" என்று சொல்லி, அச்செடுத்து வாங்கி வந்த எக்ஸ்ரே படத்தை நீட்டினார்.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்த கை இறங்கவே இல்லை. "கை வைக்கப் பாத்தேனே மேஸ்திரி..." என்றார் மெதுவாக. பிறகு, "ஒவ்வொரு தடவை இழுத்ததும் கூட்டிட்டு வாய்யா. நானும் பாக்கணும்" என்றார்.

பல மாதம் கழித்து, ஈறில் அரிசி முனையளவு வெள்ளை தெரிந்தது. மகள் நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருக்க, இரண்டு பெரிய மனிதர்களும் குனிந்து பார்த்தார்கள்.

"வந்துட்டான்யா" என்றார் டாக்டர்.

யாருக்கும் குனியாத மேஸ்திரி, நிமிர மறந்து நின்றார்.