பெரிய கை வீட்டை எழுதிய பட்டாணி

1

இந்தக் கதையை எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் குடமுழுக்கு வருகிறது. அதற்கு வெளியிடும் மலரில் வம்ச வரலாறு சேர்க்க வேண்டும், அதை நான்தான் எழுத வேண்டும் என்று பங்காளிகள் கூடி முடிவு செய்தார்கள். மூத்தவன் நான். இரண்டு நாவல்களும் ஒரு கட்டுரைத் தொகுப்பும் அச்சில் கண்டவன். மறுக்கவில்லை, மறுக்கும் எண்ணமும் இல்லை. பாட்டனார் வரை எழுதி முடித்தேன். அதற்குப் பிறகு எழுத வேண்டியது வரலாறு அல்ல என்று தெரிந்தது. வேறு என்னவென்று தெரியாததால் கதை என்று சொல்லி வைக்கிறேன்.

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம் இது:

“ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் தீர்த்தகிரி என்றொரு மாந்தோப்புக்காரர் இருந்தார். யாருக்கும் தலை குனியாதவர். அவருக்குச் சர்க்கரை நோய்—”

அங்கேயே நிறுத்திவிட்டேன். தலை குனியாதவருக்கு அடுத்த வரியிலேயே சர்க்கரை வருவது எனக்குப் பிடிக்கவில்லை. மேலும், தீர்த்தகிரி என்று யாரும் கிடையாது. குடும்ப மானத்துக்காகப் போட்ட பெயர் அது. எவ்வளவு தூரம் தாங்கியது என்பதை மூன்றாம் பகுதியில் பார்ப்பீர்கள்.

2

எங்களுக்குப் ‘பெரிய கை வீடு’ என்று பெயர். பாட்டனாரின் உள்ளங்கை முறம் போல இருக்கும் என்பார்கள். எருது விடும் விழாவில் தெறித்து ஓடி வந்த காளையின் கயிற்றை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தியவர் அவர்.* தகப்பனார் ஏரிக்கரையில் நின்று கூப்பிட்டால் மலையடிவாரத்தில் மாடு திரும்பிப் பார்க்கும். என் தாடையைப் பார்த்ததுமே தக்காளி மண்டியில் “பெரிய கை வீடுங்களா?” என்று கேட்டு நாற்காலி போடுவார்கள். பெண் கொடுக்கவும் எடுக்கவும் எங்களுக்கு வேறு சான்று தேவைப்பட்டதில்லை. உடம்பே சான்று.

(* கயிறா, கொம்பா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் தம்பி மூர்த்தி கொம்பு என்பான். பாகலூரில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறவன். அவனுக்கு எதிலும் கொஞ்சம் அலங்காரம் வேண்டும். நான் கயிறு என்றே எழுதியிருக்கிறேன்.)

என் மகன் சுரேந்தரின் மகள் பிரவீனா, பதினொன்றாம் வகுப்பு. என்னைவிட உயரம். வாலிபாலில் மாவட்ட அணிக்கு ஆடுகிறாள். மூர்த்தியின் பேரன் பிரகாஷ் எட்டாம் வகுப்பிலேயே வாத்தியாரைத் தாண்டி வளர்ந்துவிட்டான். ‘வம்சம் தழைக்கிறது’ என்று எழுதினேன். அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை. அடிப்பதா என்றும் தெரியவில்லை.

3

என் சர்க்கரை இறங்கவில்லை. ராயக்கோட்டை டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். பிறகு, மாம்பழம் சாப்பிடுகிறேனா என்று சந்தேகப்பட்டார். (சாப்பிட்டேன். ஆனால் காரணம் அதுவல்ல.) கடைசியில், “ஹார்மோன் டாக்டர் ஒருத்தரப் பாருங்க” என்றார்.

எங்கள் தலைமுறையில் ஹார்மோன் என்ற சொல்லை ஆண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெங்களூரு போவதென்று தீர்மானித்தேன். எல்லை தாண்டினால் என்னைத் தெரிந்தவர் யாருமில்லை. விசாரித்ததில், மாம்பழக் காலம் முடிந்துதான் டாக்டரைப் பார்க்க நேரம் கிடைக்கும் என்றார்கள்.

“ஓசூர்லயே இருக்காங்க தாத்தா,” என்றாள் பிரவீனா, போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே. “டாக்டர் கிருபாராணி. சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன். பஸ் ஸ்டாண்டுல எறங்கி நடந்தே போயிடலாம்.”

“ஓசூரா? சிப்காட்ல பாதிப் பேரு நம்ம பக்கத்து ஆளுங்க. உங்கப்பன் கம்பெனிக்காரனே வந்து உக்காந்திருப்பான்.”

“அவனும் ஹார்மோனுக்குத்தான வந்திருப்பான்? உங்களப் பாத்தேன்னு யார்கிட்ட போய்ச் சொல்லுவான்?”

பதில் இல்லாதபோது கோபித்துக்கொள்வது என் வழக்கம். கோபித்துக்கொண்டே கிளம்பினேன். துணைக்கு அவளே வந்தாள்.

கிளினிக்கில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். கூடத்தில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சர்க்கரையைப் பற்றியே பேச்சு. வரவேற்பில் ரூபி என்றொரு பெண். தொண்டை எங்கள் வம்சத்துத் தொண்டை.

“ராயக்கோட்டை நாராயணப்பன்! வெறும் வயித்துல ரத்தம் குடுத்தீங்களா? யூரின் குடுத்தீங்களா?”

தீர்த்தகிரி அந்த இடத்தில் ஒழிந்தார். ஆமாம், நான் நாராயணப்பன்.

4

இந்த மருத்துவரை முதல் பிரதியில் நரைத்த தலையும் கனத்த குரலும் உள்ள ஆணாக எழுதியிருந்தேன். அப்படி ஒருவர் சொன்னால்தான் நான் கேட்டிருப்பேன் என்று வாசகர் நம்புவார் என நினைத்தேன். உண்மையில் டாக்டர் கிருபாராணிக்கு என் மருமகள் வயதுதான் இருக்கும். நாற்காலி முனையில் உட்கார்ந்தால்தான் கால் தரையைத் தொடும். அந்த அம்மா என் பரிசோதனைத் தாளைப் பார்க்கவில்லை. மேசைமேல் வைத்திருந்த என் கையைப் பார்த்தார்.

“செருப்பு சைஸ் மாறிச்சுங்களா ஐயா?”

“மாறிச்சு. வயசானா கால் அகலுது.”

“பல்லுங்களுக்கு நடுவுல சந்து விழுந்திருக்கா? குறட்டை உண்டா?”

“எங்க வீட்ல குறட்டை விடாத ஆம்பளையே கெடையாதும்மா.”

அவர் சிரித்தார். “பழைய போட்டோ ஏதாச்சும் இருக்குங்களா?”

மலருக்காகச் சேர்த்த படங்கள் பிரவீனாவின் போனில் இருந்தன. என் திருமணம், சுரேந்தருக்குக் காது குத்தியது, வீடு கட்டிக் குடிபுகுந்தது, போன பொங்கல். டாக்டர் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக் காட்டினார். மூக்கு அகன்றது. புருவ எலும்பு முன்னே வந்தது. தாடை இறங்கியது. தினமும் கண்ணாடி பார்த்து மீசை முறுக்குகிறவன் நான். என் முகத்தை யாரோ வரி வரியாகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்ததை ஒருநாளும் கவனிக்கவில்லை.

“மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்குதுங்க ஐயா. அதுல ஒரு சின்னக் கட்டி இருக்கும்னு தோணுது. வளர்ச்சி ஹார்மோனை நிறுத்தாம ஊத்திட்டிருக்கு. அதுதான் சர்க்கரையையும் எறங்க விட மாட்டேங்குது. ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்.”

“எங்க வீட்ல எல்லாருமே இப்பிடித்தான். எங்க பாட்டனாரு ஒரு தடவ—” என்று காளையை அவிழ்த்துவிட்டேன். கேட்டுக்கொண்டே அவர் பிரவீனாவை நிமிர்ந்து பார்த்தார்.

“பாப்பா, கிட்ட உக்காரு. என் மூக்க மட்டும் பாரு.” இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு இரு பக்கமும் தள்ளி நீட்டி விரல்களை ஆட்டினார். “எந்தக் கை ஆடுது?”

“ரெண்டுமே ஆடலியே டாக்டர்,” என்றாள் பிரவீனா.

இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

பக்கவாட்டில் வருகிற பந்தை அவள் கொஞ்ச நாளாக விட்டுக்கொண்டிருந்தாளாம். கவனம் இல்லை என்று பயிற்சியாளர் திட்டியிருக்கிறார். “நானும் அப்பிடித்தான் நெனச்சேன்,” என்றாள், மெதுவாக.

நோயாளி நான். அவள் துணைக்கு வந்தவள். கதையை இப்படி—

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.]

5

இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். எனக்குச் சின்னக் கட்டி. பிரவீனாவுடையது பட்டாணியைத் தாண்டிப் புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்திருந்தது. கண் நரம்புகள் இரண்டும் அதன் மேலே நூல்போல வளைந்து கிடந்தன.

“உங்களுக்கு அவசரமில்லீங்க ஐயா, ஊசி இருக்கு. பாப்பாவுக்கு அவசரம். மூக்கு வழியாவே போய் எடுத்துடுவாங்க. தள்ளிப்போட்டா போன பார்வை திரும்பாது,” என்றார் டாக்டர். பெங்களூரில் அறுவை செய்பவரிடம் கன்னடத்தில் பேசி, அந்த வாரமே இடம் வாங்கிக் கொடுத்தார். “இன்னொண்ணு. இது குடும்பத்துல வர்றதா இருக்கலாம். உங்க வீட்ல வேகமா வளர்ற புள்ளைங்க எல்லாரையும் காட்டச் சொல்லுங்க.”

பேருந்தில் திரும்பும்போது அவமானம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறொன்று. சின்ன வயதில் கிருஷ்ணகிரி மலையை முதன்முதலில் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது வாய் மூட மறந்தது. அதே நிலை. ஆனால் இப்போது பார்ப்பது மலையை அல்ல, ஒரு பட்டாணியை. பாட்டனாரின் உள்ளங்கை, தகப்பனாரின் குரல், அவர் ஐம்பது வயதில் தூக்கத்திலேயே போனது, என் தாடை, இந்தப் பெண்ணின் உயரம் எல்லாவற்றையும் அது இருட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். பேனா இல்லை, மை இல்லை. எழுதுவது தெரியாமல் எழுதுகிறது. நான் வம்ச வரலாறு எழுதுவதாக நினைத்திருந்தேன். படியெடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

“அப்ப காளைய நிறுத்துனது பாட்டனாரு இல்லியா?” என்று கேட்டேன். பேத்தியிடம் இப்படியொரு கேள்வி கேட்பேன் என்று நினைத்ததில்லை.

“கைய அது குடுத்திருக்கும். காளைக்கு எதுக்கப் போய் நின்னது அதுவா?” என்றாள் பிரவீனா. “விடியறதுக்குள்ள எழுந்து கிரவுண்டுக்கு ஓடறனே, அதுவா ஓடுது? போங்க தாத்தா.”

6

இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். இதில் என் பாத்திரம் சரியாக வரவில்லை.

“ஊருக்கு என்னான்னு சொல்றது மாமா?” என்று மருமகள் ரேவதி கேட்டாள்.

“மூக்குல சதை வளந்திருக்குதுன்னு சொல்லு. மூக்கு வழியாத்தான பண்றாங்க? பொய்யும் இல்ல.”

எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது. சுரேந்தர் தலையாட்டினான். பெண்ணைப் பெற்றவன், மூளையில் கட்டி என்று நாளைக்கு யாரிடம் சொல்வான்?

பிரவீனா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். “அப்ப பிரகாசு? அவனுக்குத் தலைவலின்னு சின்னத் தாத்தா வீட்ல மந்திரிச்சுட்டிருக்காங்க. மூக்குல சதைன்னு கேட்டா அவன யாரு கூட்டிட்டுப் போவாங்க?”

“நேரம் பாத்துச் சொல்லிக்கலாம்.”

“நீங்க சின்னத் தாத்தாகிட்ட உள்ளதச் சொல்லுங்க. சொன்னாத்தான் நான் ஆபரேஷனுக்குப் படுப்பேன்.”

“நம்ம மானம்—”

“கண்ணு எனுது தாத்தா.”

எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் என் வாக்கியத்தை வெட்டியதில்லை. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

7

இது பெங்களூரு மருத்துவமனை. பிரவீனா பச்சை அங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கி அவளுக்கு முழங்கால் வரைதான் வருகிறது. இன்னும் சற்று நேரத்தில் அழைத்துப் போவார்கள். வாக்குக் கொடுத்த நாளிலிருந்து நான் மூர்த்தியிடம் பேசவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் படித்த இவ்வளவையும்தான். மலரில் வந்துவிட்டால் எல்லாப் பங்காளிகளிடமும் சொன்னதாக ஆகிவிடும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

இப்போதுதான் அவள் படித்து முடித்தாள்.

“நல்லாருக்கு. ஆனா சின்னத் தாத்தா கல்யாணப் பத்திரிகையிலயே மண்டபத்துப் பேரத்தான் படிப்பாரு. இதையா படிக்கப் போறாரு?”

முடிவுகள் தயாராக இருந்தன. (அ) மூர்த்தி விம்முகிறான், அன்று மாலையே பிரகாஷை ஓசூருக்குக் கூட்டிப்போகிறான். (ஆ) “எம் பேரன் வளத்தி மேல உங்களுக்கு என்னண்ணா கண்ணு?” என்று சொல்லி உறவை அறுத்துக்கொள்கிறான். (இ) மயக்கம் தெளிந்த பிரவீனா, சுவரின் இரண்டு ஓரத்தையும்—

மூன்றாவதை அவளே அடித்துவிட்டாள். “நடக்காதத நீங்க எழுதாதீங்க,” என்றாள். பிறகு என் போனை எடுத்து எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு மெத்தைமேல் வைத்தாள். மணி அடிக்கிறது. வாசலில் தள்ளுகட்டில் வந்து நிற்கிறது. ரேவதி எழுந்து நிற்கிறாள். பிரவீனா மட்டும் எழவில்லை.

“அண்ணா? சொல்லுங்கண்ணா. வண்டில பூ ஏத்திட்டிருக்கேன், சுருக்கா சொல்லுங்க.”

சுருக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்பது இவ்வளவு தூரம் வந்த உங்களுக்குத் தெரியும். பேனாவைக் கொடு என்று பிரவீனா கை நீட்டுகிறாள். முடிவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேச வேண்டும்.